கண்டும்

செவ்வாய் விடியற்காலை மூன்று மணி.
ஜெலுத்தோங், ஒன்பதாம் மாடி.
குளியலறைத் தரையில் உட்கார்ந்து
என்ன தின்றேன் என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.
ஈரத்துணியைப் பிழிவதுபோல்
வயிறு தன்னைத்தானே பிழிந்தது.
கதவுக்கு வெளியே லோகேந்திரனின் செருப்புச் சத்தம்
வருவதும் போவதுமாக.

கோதுமையை விட்டு நான்கு மாதம் பதினோரு நாள்.
ரொட்டி சானாயை விட்டேன்.
பட்டறை எதிரில் விற்கும் ஹொக்கியன் மீயை விட்டேன்.
கிச்சாப்பிலும் அது இருக்கிறதென்று தெரிந்த அன்று
பாட்டிலைத் தொட்டியில் கவிழ்த்துவிட்டு
கறுப்பு வடிந்து தீரும்வரை நின்றேன்.

பாயான் லெப்பாசில் என் வேலையே பார்ப்பதுதான்.
உருப்பெருக்கிக்குக் கீழே
நகக்கண்ணில் அடங்கும் சில்லுகள்.
ஒரு கீறல், ஒரு தூசு, வளைந்த ஒரு கால்:
பத்தொன்பது வருஷத்தில் எதுவும் என்னைத் தாண்டியதில்லை.
(ஒன்று தாண்டியது. ஜெர்மனி வரை போய்
பெட்டியோடு திரும்பி வந்தது. அது இங்கே வேண்டாம்.)

இரண்டு நாள் மருத்துவ விடுப்பு.
குப்பைக்கூடையைக் கவிழ்த்தேன்.
உறைகளைக் கழுவி, சன்னல் கம்பியில் உலர்த்தி
தேதிவாரியாகத் தரையில் பரப்பினேன்.

அரிசி மீஹூன்: அரிசி, தண்ணீர்.
இரண்டே சொல். நெஞ்சோடு வைத்துக்கொள்ளலாம் போலிருந்தது.
மரவள்ளிக் கிரிப்பிக்: சுவையூட்டி.
யாருடைய சுவை?
சார்டின் டின்: தக்காளி, உப்பு, மாற்றப்பட்ட மாவுச்சத்து.
எதிலிருந்து மாறியது?
டின்னில் இருந்த எண்ணுக்குப் போன் போட்டேன்.
ஷா ஆலமிலிருந்து ஒரு பெண்
லாட் எண்ணைக் கேட்டு, காக்க வைத்து,
"மரவள்ளிதான், அக்கா" என்றாள்.
அவள் அக்கா என்றதில் கொஞ்சம் அழுதேன்.

தொழிற்சாலை இடைவேளையில் நோராய்னி கூப்பிட்டாள்:
"அடா கண்டும் தாக்?"
மலாயில் கோதுமைக்குக் கண்டும் என்று பெயர்.
இல்லை என்றேன். எதிலும் இல்லை.

அந்த இரண்டு நாளும் லோகேந்திரன் ரசம் வைத்தார்.
அவருக்குத் தெரிந்த ஒரே சமையல்.
மிளகைத் தட்டி, புளியைக் கரைத்து
குவளையில் ஊற்றி, ஆற்றி,
"வயித்துக்கு நல்லது, குடி" என்பார்.
குடித்தேன்.
இரவு மறுபடியும் குளியலறைத் தரை.
காலையில் மறுபடியும் ரசம்.

வியாழன் இரவு, உறைகள் எல்லாம் நிரபராதிகள்.
துடைத்த அலமாரியில்
சாமான்களைத் திரும்ப அடுக்கும்போது
கையில் வந்தது மஞ்சள் டப்பா.
லெபோ பாசாரில் வாங்கிய பெருங்காயம்.
தீராததால் குப்பைக்கு வராதது.
நான் தேடியதெல்லாம் தீர்ந்துபோனவற்றில்.

எழுத்து எள்ளைவிடப் பொடி.
போன் கேமராவில் இழுத்துப் பெரிதாக்கினேன்.
பிசின். பெருங்காயம். கோதுமை மாவு.
இறக்குமதிச் சீட்டில் மலாயிலும் ஒருமுறை:
தெப்போங் கண்டும்.

கண்டும்.
ஒரு வருஷமாகக் கண்டும் காணாமல்
உப்புக்குப் பக்கத்திலேயே வைத்திருந்திருக்கிறேன்.

"ரசம் மிச்சம் இருக்கு, சூடு பண்ணவா?"
கூடத்திலிருந்து கேட்டார்.
நான் பதில் சொல்லாததால் எழுந்து வந்தார்.
மூக்குக்கண்ணாடி இல்லாமல் டப்பாவைத் தள்ளிப்பிடித்து
"என்ன போட்டிருக்கு?" என்றார்.
வாசித்துச் சொன்னேன்.
விரல்நுனியை முகர்ந்து பார்த்துக்கொண்டார்.
"ஒரு சிட்டிகைதானே போட்டேன்..."
"தெரியும்."
"ஒவ்வொரு தடவையும் ஒரு சிட்டிகைதான்."
"தெரியும் என்றேனே."

தொழிற்சாலையில் கழிபட்டதன்மேல்
சிவப்புப் புள்ளி ஒட்டுவோம்.
அலமாரிக் கண்ணாடியில் என் பொட்டு ஒன்று இருந்தது.
அதை எடுத்து டப்பாவின் நெற்றியில் ஒட்டினேன்.
அவர் சிரிக்கவில்லை.
ரசச் சட்டியை மூன்று முறை தேய்த்தார்,
கரண்டியைத் தனியாக.

பிறகு, முதுகைக் காட்டியபடியே:
"பெருங்காயம் போடாம, பூண்டை மட்டும் தட்டிப் போட்டா
ரசம்னு சொல்லலாமா?"

வைத்துப் பாருங்கள் என்றேன்.
மணி பன்னிரண்டரை.
கீழ்வீட்டுக்காரர் துடைப்பக் கட்டையால்
கூரையைத் தட்டும்வரை
மிளகு இடித்துக்கொண்டிருந்தார்.